தெரியவில்லை என்று ஒரு கட்டம்

இயேசு மரி சூசை

மதுக்கரை,
10-11-2024

அன்புள்ள கிருபா கண்ணுக்கு, மாமன் ஆரோக்கியதாஸ் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஃபெமினா எழுதுவது.

சத்தியமங்கலம் காட்டுச் சந்தனக் கடத்தல் மீசைக்காரனைச் சுட்டுத் தூக்கி வந்த வருஷம் அது. வானம் பொய்த்துக் காய்ந்து கிடந்த நொய்யலில் ஐப்பசியில் தண்ணீர் போனதும் அந்த வருஷம்தான். எனக்கு மஞ்சக்காமாலை வந்து, கண்ணும் நகமும் மஞ்சள் பூத்துப் படுத்துக் கிடந்து எழுந்ததும் அதே வருஷம். தேதியெல்லாம் படித்தவர்களுக்கு. எனக்கு வருஷம் இப்படித்தான் நிற்கும். நான் பிழைத்தால் மொட்டை போடுகிறேன் என்று மாதாவுக்கு வேண்டிக்கொண்டவள் உன் அம்மா. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி போனாள். உனக்குக் காய்ச்சல் என்று என்னிடம் விட்டுப் போனாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

போன வாரம் நீ போனில் என்னவோ கேட்டாய். கல்லுக்குழி வெடியில் போன காதுக்கு உன் குரல் டப்பாவுக்குள் வண்டு கத்துகிற மாதிரி இருந்தது. பிறகு ஃபெமினாதான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: அம்மாவை எந்த அடையாளம் வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாயாம். கப்பல் வேலைக்குப் பழக்குகிற இடத்தில் எதற்கெடுத்தாலும் அடையாளம், அடையாளம் என்கிறார்கள், அதனால் ஞாபகம் வந்தது என்றாயாம்.

மொட்டைத் தலை. கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. வேறென்ன வேண்டும்? கூடப் பிறந்தவனுக்குத் தெரியாதா?

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நாம் நாகப்பட்டினம் போய் மெழுகுவத்தி ஏற்ற முடியவில்லை. உனக்குக் கொச்சியில் பயிற்சி, எனக்கு முட்டி வீக்கம். முட்டி இப்போது பரவாயில்லை. கப்பல் சோறு உன் வயிற்றில் நிற்கிறதா என்று எழுது. தண்ணீருக்கு ரொம்பக் குனிந்து பார்க்காதே.

இப்படிக்கு,
மாமன், ஃபெமினா கையால்.

---

கொச்சி துறைமுகம்,
29-11-2024

அன்பு மாமாவுக்கு, கிருபாவின் வணக்கம். முட்டிக்கு நல்லெண்ணெய் மட்டும் போதாது, டாக்டரிடம் போங்கள். எனக்கு முதல் மூன்று நாள் வாந்தி. நான்காம் நாள் தயிர்ச் சோறும் ஊறுகாயும் நின்றது. இப்போது ஆடாத தரையில்தான் தலை சுற்றுகிறது. கடலுக்குள் போன் எடுப்பதில்லை. கரை வந்தால் கடிதம் போடுகிறேன். ஃபெமினா அக்கா உங்கள் காதுப் பக்கம் உட்கார்ந்து படிப்பதை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

என் வேலை என்ன என்று கேட்பீர்கள். பார்ப்பதுதான் வேலை. கப்பலின் உச்சித் தளத்தில் இரண்டு மணி நேரம் நின்று பைனாகுலரில் கடலைப் பார்க்க வேண்டும். பறவையோ ஓங்கிலோ திமிங்கிலமோ தெரிந்தால் நேரம், திசை, தூரம், எத்தனை, என்ன செய்தது எல்லாம் தாளில் எழுத வேண்டும். ஓங்கில் என்றால் டால்பின். எங்கள் தலைவி சமீரா அக்கா கீழக்கரைக்காரர், அவர் சொல்லித்தான் நானும் ஓங்கில் என்கிறேன். முதல் நாள் "ஆமை! ஆமை!" என்று நான் கத்தினேன். கிட்டே போனால் நீலக் கலர் பீப்பாய். "மூடியோட பொறந்த ஆமையை இப்பத்தான் பாக்குறேன்" என்றார் அக்கா. இரண்டு நாள் கப்பலில் அதே பேச்சு.

தாளின் கடைசியில் மூன்று கட்டம் இருக்கிறது. உறுதி. அநேகமாக. தெரியவில்லை. வெயில் கண்ணில் அடிக்கிறது, அலை பெரிது, முதுகு மட்டும் ஒரு நொடி தெரிந்தது என்றால் மூன்றாவதில்தான் டிக். புதிதாக வருகிறவர்கள் எல்லாம் முதல் கட்டத்திலேயே டிக் போடுவார்களாம். "தெரியலைன்னு எழுத வெக்கப்பட்டீன்னா நீ பாத்தது எதுவுமே வீண்" என்கிறார் அக்கா.

ஸ்கூவா என்று ஒரு பறவை பார்த்தோம். பழுப்பு, பருந்து மாதிரி நெஞ்சு. தானாக மீன் பிடிப்பது குறைவு. ஆலாக்குருவி மீனைக் கவ்விக்கொண்டு போகும்போது துரத்தித் துரத்திக் கக்கவைத்துப் பிடுங்கித் தின்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். டிசம்பர் 26 வந்தால் இருபது வருஷம். அன்றைக்கு எனக்குக் கரையில் நான்கு நாள் ஓய்வு. நாம் எப்போதும் நவம்பரில்தான் போகிறோம். ஊரெல்லாம் கூடி அழுகிற அந்த நாளில் ஒரு தடவைகூட நீங்கள் என்னைக் கூட்டிப் போனதில்லை. இந்தத் தடவை போகலாமா?

அன்புடன்,
கிருபா

---

இயேசு மரி சூசை

மதுக்கரை,
8-12-2024

அன்புள்ள கண்ணுக்கு மாமன் சொல்லி எழுதுவது. ஊசி போட்டார்கள், முட்டி மடங்குகிறது. நீ வாந்தி எடுத்ததைக் கேட்டு ஃபெமினா இஞ்சி மிட்டாய் வைத்து அனுப்புகிறாள். அவளுக்கு உன் மேல் இருக்கிற அக்கறை அவள் புருஷன் மேல் இல்லை. (நான் இதை எழுதமாட்டேன் என்றேன், மாமா எழுது என்கிறார். ஃபெமினா.)

தெரியவில்லை என்று எழுதுவதற்கு எதற்கம்மா காலேஜ் படிப்பு? அது என்னாலும் முடியுமே. நான் பண்ணையத்தில் ஆடு மேய்த்த காலத்தில் நாலு ஊர் ஆடு ஓடையில் கலந்துவிடும். காதுவெட்டைப் பார்த்து, தும்மலைக் கேட்டு நம் ஆட்டைப் பிரித்துவிடுவேன். "தாஸுக் கண்ணு தப்பாது" என்று பண்ணாடியே சொல்லுவார். உன் சமீரா அக்காவிடம் இதைச் சொல்.

அந்தத் திருட்டுப் பறவையைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம்.

26-ஆம் தேதி போக வேண்டாம். அன்றைக்கு அங்கே கூட்டம் நெரியும், அழுகிறவர்கள் கண்டவர் கையையும் பிடித்துக்கொண்டு கதை கேட்பார்கள். உன் அம்மா கல் எங்கும் ஓடிப்போகாது. நவம்பரில் நாம் இரண்டு பேரும் போகலாம். நான் இருந்தால்.

மாமன்

---

கொச்சி,
30-12-2024

அன்பு மாமாவுக்கு,

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நான் போனேன்.

இங்கே நலம். இஞ்சி மிட்டாய் தீர்ந்துவிட்டது. வேளாங்கண்ணியில் பூசை பார்த்துவிட்டு உங்களுக்கு ஒரு உத்தரியம் வாங்கினேன், இதில் வைத்திருக்கிறேன். எனக்கு நினைவு தெரிந்து உங்கள் கழுத்தில் நான் உத்தரியம் பார்த்ததே இல்லை. மந்திரித்தது, போட்டுக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள். எண்பதுக்குப் பக்கம் வயது. மடியில் ஒரு பை நிறையக் கனகாம்பரம். டீக்காரனிடம், "ஏனுங்க, சக்கரை கம்மியாப் போட்டு ஒண்ணு குடுங்க" என்றார்கள். அந்த ஊரில் நம் பேச்சைக் கேட்டால் எப்படி இருக்கும்! ஓடிப்போய் "எந்த ஊருங்கம்மா?" என்றேன்.

"சத்திங்க கண்ணு. பவானியாத்துக்குத் தெக்கால. நீயி?"

"மதுக்கரைங்க."

"அட, நம்மூட்டுப் பக்கம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்களுக்கு ஒரே மகளாம். பிள்ளை இல்லையென்று அக்கம்பக்கத்தாரோடு வேனில் வந்து மாதாவுக்கு மொட்டை போட்டிருக்கிறாள். மறுநாள் காலையில் குளிக்கப் போனவள்தான். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் 26-ஆம் தேதி அந்த அம்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். என்னிடமும் கேட்டார்கள்: "மொட்டத் தலைங்க கண்ணு. இடப்பக்கம் மூக்குக் குத்தியிருக்கும், செவப்புக் கல்லு. ஆராச்சும் பாத்தேன்னு சொன்னாங்களா உங்கூட்டுல?" இருபது வருஷம் கழித்துக் கேட்கிறார்கள் மாமா. நேற்றுத் தொலைந்த மாதிரி கேட்கிறார்கள்.

நாகப்பட்டினத்தில் அம்மா கல்லறைக்குப் போகிறேன் என்றதும், "நானும் வாரேன் கண்ணு, அந்த வழிதான் பஸ்ஸு" என்று வந்தார்கள். கல்லைத் தடவிப் பார்த்தார்கள். "கல்லு இருக்கறவங்க குடுத்து வெச்சவங்க. எனக்குக் கல்லுமில்ல, காரியமுமில்ல" என்றார்கள். பிறகு பையிலிருந்த பூவை எல்லாம் எடுத்து அம்மா தலைமாட்டில் வைத்துவிட்டார்கள். "கடல்ல போட்டா அலை திருப்பிக் கொண்டாந்து கால்ல போட்டுப்போடுது. என்ற புள்ளைக்கு வெக்க எடமில்ல, உங்கம்மாளுக்கு வெச்சுக்கறேன்" என்றார்கள்.

பஸ் வந்துவிட்டது. பேர் கேட்க மறந்துவிட்டேன்.

போனது தப்பு என்று தோன்றவில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டி எழுதுங்கள்.

கிருபா

---

மதுக்கரை,
19-1-2025

அன்புள்ள கண்ணுக்கு,

உன் கடிதம் வந்தது. நலம். பொங்கல் போயிற்று. முட்டி முன்னைக்கு இப்போது வலி அதிகம். உத்தரியத்தைச் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

திட்டவில்லை.

மாமன்

கிருபா, இது ஃபெமினா. மாமா இதற்கு முன் ஒரு பக்கம் சொன்னார், எழுதினேன். திரும்பப் படிக்கச் சொன்னார். பாதியிலேயே தாளை வாங்கி அடுப்பில் போட்டுவிட்டார். என்ன எழுதினேன் என்று கேட்காதே. குறிச்சிக் குளத்தில் பறவை வந்திருக்கிறது, கோழி விலை ஏறிவிட்டது, அவ்வளவுதான் இருந்தது. அதை ஏன் எரித்தார் என்று எனக்குப் புரியவில்லை. உன் முந்தின கடிதத்தை நான்கு தடவை படிக்கச் சொன்னார். பூ வைத்த இடம் வந்தால் "மறுக்காப் படி" என்கிறார்.

---

மங்களூரு,
27-2-2025

அன்பு மாமாவுக்கும் ஃபெமினா அக்காவுக்கும்,

எனக்குச் சளி பிடித்து விட்டது, மற்றபடி சுகம். மாமா, மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா?

பெரிய சேதி இரண்டு இருக்கிறது. கெட்டதை முதலில் சொல்கிறேன். போன மாதம் ரொம்பத் தொலைவில் மூச்சு நீர் ஒன்று எழுந்து அடங்கியது. ஒரே தடவைதான். நான் 'நீலத் திமிங்கிலம், உறுதி' என்று எழுதிவிட்டேன். என் கண்ணுக்கு நீலத் திமிங்கிலம் தெரியவில்லை மாமா, தெரிய வேண்டும் என்ற ஆசைதான் தெரிந்தது. இருபது நாளாக எல்லோரும் வெறும் அலையைப் பார்த்துச் சோர்ந்திருந்தார்கள். நான் சொன்னதும் சமையல்காரர் பாயசம் வைத்தார். அந்தப் பாயசம் எனக்கு இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்து அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். தாளை எடுத்து வைத்தார். நான் ரப்பரை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டார். "அழிக்கக் கூடாது. ஒரே கோடு போடு. கோட்டுக்கு அடியில முன்ன எழுதுனது தெரியணும். பக்கத்துல 'தெரியவில்லை'ன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடு. அவ்வளவுதான்" என்றார். எழுதி முடித்ததும், "பாயசத்தைத் திருப்பிக் கேக்க மாட்டாங்க, போ" என்றார்.

நல்ல சேதி: லட்சத்தீவுக்கு இந்தப் பக்கம் அம்பர் கக்குகிற பெருந்தலைத் திமிங்கிலம் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை மெய்யான உறுதி. எப்படித் தெரியுமா? மூக்கு. நீலத் திமிங்கிலம் மாதிரிப் பெரியவைகளுக்கு உச்சந்தலையில் இரண்டு துளை, மூச்சு நேராக மேலே எழும். இதற்கு மட்டும் தலை நுனியில் ஒரே துளை, அதுவும் இடது பக்கம். மூச்சு முன்னால் சாய்ந்து இடப்பக்கமாகப் போகும். உடம்பே தெரியாவிட்டாலும் அந்த இடது மூக்கு ஒன்றை வைத்தே சொல்லிவிடலாம்.

எழுதும்போதே சத்தியமங்கலத்து அம்மா ஞாபகம் வந்துவிட்டார்கள். அவர்களும் ஒரு இடது மூக்கை வைத்துக்கொண்டு இருபது வருஷமாகத் தேடுகிறார்கள்.

பதில் சீக்கிரம் போடுங்கள். போன கடிதம் நான்கே வரி.

கிருபா

---

மங்களூரு,
9-4-2025

அன்பு மாமாவுக்கு,

ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. போன் பண்ணினால் ஃபெமினா அக்கா "நல்லாத்தான் இருக்கார்" என்கிறார். நல்லாத்தான் என்பதில் அந்தத் 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை.

நான் இங்கே நலமாக இருக்கிறேன். ஆனால் ஒரு விஷயம் என்னை விடவில்லை, கேட்டுவிடுகிறேன். உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்துப் பார்த்தேன். வேலைப் பழக்கம். மொட்டைத் தலை, உத்தரியம் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் முகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னிடம் இருப்பது அம்மாவின் ஒரே போட்டோ, அதுவும் தூரத்தில் நிற்கிறது. முகம் பொட்டளவுதான்.

அம்மாவுக்கு மூக்குக் குத்தியிருந்ததா மாமா?

ஒரு சொல்லில் எழுதினால் போதும். தெரியவில்லை என்றாலும் அதை எழுதுங்கள்.

கிருபா

---

மதுக்கரை,
20-4-2025, ஈஸ்டர் ஞாயிறு

அன்புள்ள கிருபாவுக்கு ஃபெமினா எழுதுவது. உயிர்த்த ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

மாமாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து போய் வாசலில் தண்ணீர்க் குடத்தை எடுத்து வைத்தார். காலிக் குடம்.

பெரிய வெள்ளி அன்று கோவிலுக்கு வந்தார். நம் மாமா பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எத்தனை வருஷம் என்று ஊருக்கே தெரியும், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போய்விடுவார். அன்றைக்குச் சிலுவைப்பாதையில் எங்களோடு நடந்தார். முட்டி வலியோடு ஒவ்வொரு நிலைக்கும் முழந்தாள் போட்டார். ஆறாம் நிலை வந்தது. வெரோனிக்கா இயேசுவின் முகத்தைத் துணியால் துடைக்கிற நிலை. அங்கே முழந்தாள் போட்டவர் எழுந்திருக்கவில்லை. முட்டிதான் பிடித்துக்கொண்டது என்று நான் போய்க் கை கொடுத்தேன். "நானுந்தான் தொடச்சேன் அம்மணி" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டு நாளாக என் வீட்டு வாசலுக்கு வருகிறார், பேனா இருக்கிறதா என்று கேட்கிறார், திரும்பிப் போகிறார். கொஞ்சம் பொறுத்திரு.

ஃபெமினா

---

இயேசு மரி சூசை

மதுக்கரை,
4-5-2025

கிருபா கண்ணுக்கு,

இல்லை.

உன் அம்மாவுக்கு மூக்குக் குத்தவில்லை. சின்னப் பிள்ளையில் எங்கம்மா இரண்டு தடவை ஆசாரியிடம் கூட்டிப் போனாள், இரண்டு தடவையும் ஜெயக்கொடி பிடியை உதறிவிட்டு ஓடி வந்துவிட்டாள். "மூக்குல ஓட்டை போட்டா சளி அது வழியா வரும்" என்பாள். சாகிறவரைக்கும் மூடின மூக்கு. சாகிறவரைக்கும் என்று சொல்லக்கூட எனக்கு என்ன பாத்தியதை.

ஃபெமினா எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுது அம்மணி, இந்தத் தடவை தாளை நான் வாங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை நானும் கல்லுக்குழி சிநேகிதன் அழகிரிசாமியும் பஸ் ஏறினோம். செவ்வாய் முழுக்க மண்டபம் மண்டபமாகப் பார்த்தோம். அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன், உனக்கு வேண்டாம். புதன்கிழமை நாகப்பட்டினத்தில் ஒரு பெரிய அறை. ஜன்னலோரம் ஒரு மொட்டைத் தலை, உன் அம்மா உயரம், உன் அம்மா உடம்புவாகு. முகம் வீங்கி மண் அப்பியிருந்தது. அவள்தான் என்று விழுந்து அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை கண்ணு. அந்த மட்டும் நம்பு.

வாசலில் மேசை போட்டு ஒரு குமாஸ்தா. "அடையாளம் சொல்லுய்யா. மொட்டைன்னா மட்டும் பத்தாது, இங்க பதினோரு மொட்டை கெடக்கு" என்றார். சரி, முகத்தைத் துடைத்துக் காட்டலாம் என்று என் துண்டை நனைத்துத் துடைத்தேன். இடது மூக்கில் துளை இருந்தது. கல் இல்லை, துளை மட்டும்.

ஆட்டின் காதுவெட்டைத் தப்பாமல் பார்க்கிற கண் என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கண்ணால்தான் பார்த்தேன். தெரியாமல் செய்யவில்லை.

அழகிரிசாமியும் பார்த்துவிட்டான். காதோரம் சொன்னான்: "தாஸு, இன்னைக்குச் சாயங்காலம் எல்லாத்தையும் ஒரே குழில போடறாங்களாம். கிருபாப் புள்ள ஊட்டுல வாசலைப் பாத்துட்டு உக்காந்திருக்கும். எனக்காக மொட்ட போடப் போனா, காணாமப் போயிட்டான்னு போயி நிப்பயா?"

எனக்காகத்தான் போனாள். எனக்காக வேண்டியதற்கு நானும் கூடப் போயிருக்க வேண்டும். எழுந்து நடக்கிற அளவு தேறியிருந்தேன். கிறிஸ்துமஸுக்குக் கல்லுக்குழியில் ஆள் இல்லை, மேஸ்திரி கூப்பிட்டார் என்று நான் வேலைக்குப் போனேன். "நீயே போயிட்டு வந்துரு ஜெயா" என்றேன். அவளைக் காணவில்லை என்று உன்னிடம் வந்து சொல்ல என்னால் முடியவில்லை. நீ 'எங்கே' என்று கேட்பாய். உனக்குக் கைகாட்ட ஒரு இடம் வேண்டியிருந்தது. இப்படி உன் பேரைச் சொல்லி இருபது வருஷம் சமாதானம் பண்ணிக்கொண்டேன். இப்போது யோசித்தால் அந்த இடம் எனக்குத்தான் வேண்டியிருந்திருக்கிறது.

என் கழுத்து உத்தரியத்தைக் கழற்றி அந்தப் பெண்ணின் கழுத்தில் போட்டேன். "இதாங்க அடையாளம்" என்றேன். குமாஸ்தா எழுதினார். கட்டைவிரலை வைத்தேன். அதற்கப்புறம் நான் உத்தரியம் போட்டதில்லை. நீ அனுப்பியது இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.

இதோடு நின்றிருந்தால் கூடப் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்வேன். மூடித் தூக்கப் போகிற நேரத்தில் ஒரு அம்மா வந்தார்கள். கொசுவம் எல்லாம் சேறு. செருப்பு இல்லை. ஒவ்வொரு துணியாகக் கேட்டுக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்கள். நம் பேச்சு.

"ஏனுங், மொட்டத் தலைங்களா?"

"ஆமாங்க."

"இடப்பக்கம் மூக்குக் குத்தியிருக்குதுங்களா? என்ற புள்ள பேரு பண்ணாரிங்க, அவளுக்குக் குத்தியிருக்கும். கொஞ்சம் மூஞ்சியத் தெறந்து காட்டறீங்களா?"

"இல்லீங்க" என்றேன். "மூடின மூக்குங்க. என்ற தங்கச்சிங்க." கழுத்துப் பக்கம் மட்டும் துணியை விலக்கி உத்தரியத்தைக் காட்டினேன்.

"அடடா, வேதக்காரப் புள்ளைங்களா" என்றார்கள். துணிக்கு மேலேயே காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "ஆரு பெத்த புள்ளையோ. அழுகாதீங் தம்பி, உங்களுக்காச்சும் கெடச்சுதுங்களே" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு அடுத்த துணிக்குப் போனார்கள்.

உன் திருட்டுப் பறவை பசிக்குப் பிடுங்குகிறது. பிடுங்கினதைத் தின்றுவிட்டுப் போய்விடும். நான் பிடுங்கினதற்குக் கல் நட்டு, வருஷம் ஒருக்கா மெழுகுவத்தியும் ஏற்றினேன். அந்த அம்மா 26-ஆம் தேதி வருகிறார்கள் என்று இரண்டாம் வருஷமே பார்த்துவிட்டேன். கடற்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். தென்னை மறைவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்கப்புறம்தான் நமக்கு நவம்பர்.

நீயாகப் போய் அந்தக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, பெற்ற பிள்ளையின் தலைமாட்டில் பூ வைக்கச் செய்திருக்கிறாய். அது யார் தலைமாடு என்று உங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தெரிந்தவன் இங்கே உட்கார்ந்து கோழி விலை எழுதச் சொன்னேன்.

உன் அம்மா எங்கே என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெருங்குழியில் இருக்கலாம். நீ இப்போது எந்தத் தண்ணீரில் நிற்கிறாயோ அதில் இருக்கலாம். உன் தாளில் மூன்றாவது கட்டம் இருக்கிறதே, அதில் எழுதிக்கொள். நான் வெட்கப்பட்டு எழுதாமல் விட்ட கட்டம்.

கல்லை என்ன செய்வது என்று யோசித்தேன். பெயர்த்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். உன் சமீரா அக்கா சொன்னதுதான் சரி. அழிக்கக் கூடாது. மதுக்கரையிலிருந்து நான் கொண்டுபோன கல், பேர் வெட்டியது வேறு ஆள். முப்பத்தெட்டு வருஷம் உளி பிடித்த கை இது. எனக்கு எழுத்துத் தெரியாது, கோடு போடத் தெரியும். ஜெயக்கொடி என்ற பேரின் மேல் ஒரே கோடு போடுவேன், அடியில் இருப்பது தெரிகிற மாதிரி. பக்கத்தில் என்ன எழுதுவது என்பதை அந்த அம்மா சொல்ல வேண்டும். பண்ணாரி என்று அவர்கள் வாயால் சொன்னால் நீ எழுதிக் கொடு, நான் வெட்டுகிறேன்.

அதற்கு முன்னால் சத்தி போக வேண்டும். நான் போகிறேன். நீ கூட வந்தால் வா. வராவிட்டாலும், இனி எனக்குக் கடிதமே போடாவிட்டாலும், நான் உன்னைக் குற்றம் சொல்கிற இடத்தில் இல்லை. கட்டின பெண்டாட்டி, உன் அத்தைக்குக்கூட இதைச் சொல்லாமல், அவள் செத்தபோது மண்ணுக்கு அனுப்பினவன் நான். பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியாரிடம் போகலாம் என்று ஃபெமினா அழுதுகொண்டே சொல்கிறாள். போகிறேன், ஆனால் முதலில் மன்னிக்க வேண்டியவர் சாமியார் இல்லை.

இந்தத் தாளின் கீழே என் கட்டைவிரல் இருக்கிறது. அன்றைக்கு வைத்த அதே விரல்.

அன்றைக்கு அந்தப் பெண்ணின் உடலுக்குப் பக்கத்தில் நின்றவர்களை எண்ணிப் பார்த்தேன். குமாஸ்தா கொரோனாவில் போய்விட்டார் என்று கல்லறைக்காரர் சொன்னார். அந்தக் கல்லறைக்காரரும் போன மழைக்குப் போனார். மண் போட்டு ஜெபம் சொன்ன உபதேசியார் போய்ப் பத்து வருஷம். அழகிரிசாமியைப் போன ஆடியில் எரித்தோம், கடைசியில் என் கையைப் பிடித்து "தாஸு, அந்த மூக்கு" என்று மட்டும் சொன்னான். என்னை உயிரோடு இருப்பவர்களில் சேர்க்காதே. மிச்சம் ஒருவர்தான். பேர் கேட்க மறந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அன்றைக்குக் குமாஸ்தா காதில் விழாமல் அந்த அம்மாவின் பேரை மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் சொன்னார்கள். வெடியில் போன காதிலும் அது மட்டும் இன்னும் தெளிவாகக் கேட்கிறது கண்ணு.

பழனியாத்தாள்.